ஆப்டோமெட்ரி படிக்க நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்: "மகள் ஆறாம் படிவம் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரி படிக்க ஆசைப்படுகிறாள். அதற்கு ஓஏடி என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறதாம். இப்போதே பயிற்சியில் சேர்ந்தால்தான் தேற முடியும் என்று ஒரு டியூஷன் சென்டரில் 3,800 ரிங்கிட் கேட்கிறார்கள். கட்டலாமா?"

அண்ணா, நீங்கள் கேட்டது பணம் கட்டலாமா என்று. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தப் படிப்புக்குள் நுழைய என் மகளிடம் எதைப் பார்ப்பார்கள்? முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்கிறேன். தங்கச்சி (உங்கள் மகளைத்தான் சொல்கிறேன்) மலேசியாவில் படிக்கப் போகிறாள் என்றால் ஓஏடி தேவையே இல்லை, பணத்தைக் கட்டாதீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். நான் கோலாலம்பூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பைப் படித்தவள். 22 வருடமாக பிரிக்ஃபீல்ட்ஸில் கண் பரிசோதனை செய்கிறேன். நேர்முகத்துக்குப் போகிற நம் பிள்ளைகள் சிலரை வருடா வருடம் கடையில் உட்காரவைத்துப் பேசிப் பழக்குகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓஏடி என்பது அமெரிக்க ஆப்டோமெட்ரி பள்ளிகளுக்கான சேர்க்கைத் தேர்வு. அந்தப் பள்ளிகளின் சங்கம் 1987 முதல் நடத்தி வருகிறது. அங்கே பெரும்பாலும் ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் இந்தப் படிப்புக்கே போவார்கள். அது மேலும் 4 வருடம். தேர்வு கணினியில் நடக்கும், எல்லாம் பல்தேர்வுக் கேள்விகள்தான். உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என்று 100 கேள்விக்கு 90 நிமிடம். அதன் பிறகு வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, இயற்பியல், கணக்கு. மதிப்பெண் 200-இலிருந்து 400 வரை, 300-ஐ நடுவாக வைத்துப் பார்ப்பார்கள். சில பள்ளிகள் இதற்குப் பதிலாக வேறு தேர்வு மதிப்பெண்களையும் ஏற்கின்றன. ஆறாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதில் எந்த அவசரமும் கிடையாது. பிற்காலத்தில் ஒரு பட்டம் வாங்கிய பிறகு அமெரிக்கா போக நினைத்தால் அப்போது படித்துக்கொள்ளலாம். அந்த டியூஷன் சென்டர்காரர்கள் தெரிந்து சொன்னார்களா தெரியாமல் சொன்னார்களா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "எந்தப் பல்கலைக்கழகம் இந்த மதிப்பெண்ணைக் கேட்கிறது, எழுத்தில் காட்டுங்கள்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இங்கே எதை வைத்துச் சேர்க்கிறார்கள்? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாகத்தான் விண்ணப்பம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்த 10 விழுக்காட்டைப் பல பிள்ளைகள் கைவிட்டுவிடுகிறார்கள். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு எல்லாவற்றிலும் பொறுப்பும் வருகையும் எழுத்தில் இருக்க வேண்டும், கடைசி மாதத்தில் ஓடிப்போய்ச் சேர்க்க முடியாது. கோலாலம்பூரில் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கும் யூகேஎம் (தேசியப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் நடக்கும் ஆப்டோமெட்ரி படிப்புதான் நாட்டில் மூத்தது. பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் குவாந்தானில் நடத்துகிறது. யுஐடிஎம் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஆனால் அது பூமிபுத்ரா (மலாய், பூர்வகுடி) மாணவர்களுக்கானது. ஆக அரசு இடங்கள் நம் பிள்ளைகளுக்குக் குறைவு, போட்டி கடுமை. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தனியாரில் கோத்தா டாமன்சாராவில் செகி, ஷா ஆலாமில் எம்எஸ்யூ ஆகிய பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அங்கே எஸ்டிபிஎம், ஏ-லெவல், அசாசி (பல்கலைக்கழக அடிப்படைப் படிப்பு) என்று பல வழியில் சேரலாம், நுழைவுத் தேர்வு கிடையாது. எங்கே படித்தாலும் 4 வருடம். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் அங்கீகாரம் பெற்ற தனியார் படிப்புக்கும் கிடைக்கும். ஆனால் அது கட்டணம் முழுவதையும் தாங்காது, மீதியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஆகவே தங்கச்சியின் நுழைவுத் தேர்வு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. அது எஸ்டிபிஎம்-மின் மூன்று பருவமும்தான். முதல் பருவத்தில் சறுக்கியவர்கள் அந்தத் தாளை மறுபடி எழுதலாம், அதனால் ஒரு மோசமான முடிவைப் பார்த்து மனமுடைய வேண்டாம். பாடத்தில் நான் அழுத்திச் சொல்வது இயற்பியலை. கண் என்றதும் உயிரியல்தான் என்று நினைத்து வரும் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே ஒளியியலில் மாட்டிக்கொண்டு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் எஸ்பிஎம்-மோடு (ஐந்தாம் படிவத் தேர்வு) இயற்பியலை விட்டுவிட்டு வந்த ஒரு தோழி, முதல் ஆறு மாதம் இரவு இரண்டு மணி வரை லென்ஸ் படம் வரைந்துகொண்டிருப்பாள். தேறினாள், ஆனால் படாத பாடு பட்டாள். எஸ்டிபிஎம் இயற்பியலில் ஒளியியல் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது. தேர்வு நெருக்கத்தில் பலர் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் மகள் அதை மட்டும் அப்படிப் புரட்டக் கூடாது.

ஏன் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறேன். தங்கச்சியிடமே கொடுத்துப் பாருங்கள். லென்ஸின் பவரை டயாப்டரில் சொல்கிறோம். 1-ஐ மீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. ஒரு பையனுக்கு 50 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல் என்றால் 1-ஐ 0.5-ஆல் வகுக்க 2. அவனுக்கு வேண்டியது மைனஸ் 2.00 குழிலென்ஸ். இது எஸ்பிஎம் படித்தவருக்கே வரும். அடுத்தது, தூரப் பார்வை நன்றாக உள்ள ஒரு பாட்டிக்கு வெள்ளெழுத்து. 1 மீட்டருக்கு உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அதாவது அவர் கண்ணுக்கு இன்னும் 1 டயாப்டர்தான் குவிக்கும் சக்தி மிச்சம். அவர் 40 சென்டிமீட்டரில் பேப்பர் படிக்க வேண்டும் என்றால் தேவை 2.50. பாடப்புத்தகக் கணக்கில் 2.50-இல் 1-ஐக் கழித்து பிளஸ் 1.50 என்று வரும். அந்தக் கண்ணாடியைக் கொடுத்தால் பாட்டி கடையில் படித்துக் காட்டிவிட்டு, வீட்டில் பத்து நிமிடத்தில் தலைவலி என்று கழற்றி வைத்துவிடுவார். இருக்கிற சக்தி முழுவதையும் அவர் செலவழிக்க வேண்டியிருக்கிறதே! அதனால் பாதியைக் கையிருப்பாக விட்டு, 0.50-ஐ மட்டும் கழித்து பிளஸ் 2.00-இல் தொடங்குவோம். பிறகு அவர் கை எவ்வளவு நீளம், மடியில் வைத்துப் படிப்பாரா மேசையில் வைத்தா என்று பார்த்துக் கூட்டிக் குறைப்போம்.

இன்னொன்று. மைனஸ் 10.00 கண்ணாடி போடும் பெண் காண்டாக்ட் லென்ஸ் கேட்டு வருகிறாள். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, காண்டாக்ட் லென்ஸோ கருவிழியின் மேலேயே உட்காருகிறது. அந்த 12 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்த்தால் வேண்டிய பவர் மைனஸ் 8.93, நடைமுறையில் 9.00. அதே கணக்கை மைனஸ் 2.00-க்குப் போட்டால் 1.95 வரும், வித்தியாசமே தெரியாது. எங்கே கணக்கு முக்கியம், எங்கே இல்லை என்று தெரிவதுதான் இந்தத் தொழில். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்ததும் தங்கச்சிக்கு "அட" என்று தோன்றினால் எனக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை.

இனி நேர்முகம். யூபியூ பட்டியலில் சில படிப்புகளுக்குப் பக்கத்தில் நேர்முகம் அல்லது சோதனை உண்டு என்று குறி போட்டிருப்பார்கள். ஆப்டோமெட்ரிக்கு அந்தக் குறி இருக்கிறதா, என்னென்ன பாடம், என்ன கிரேடு என்பதைத் தங்கச்சி விண்ணப்பிக்கும் ஆண்டின் பக்கத்தில் பாருங்கள். வருடத்துக்கு வருடம் மாறுகிற விஷயம் இது, அக்கா படித்தபோது அண்ணன் படித்தபோது என்று யாராவது சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அழைப்பு வந்தால் கேள்விகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது, "மருத்துவம் கிடைக்காததால் இங்கே வந்தாயா?" என்பது. பிள்ளைகள் பலர் "ஆமாம்" என்பதை வேறு சொற்களில் சொல்லிவிட்டு வருகிறார்கள். நம் வீடுகளில் ஆப்டோமெட்ரிஸ்டையும் கண் டாக்டர் என்றே சொல்கிறோம், அதனால் பிள்ளைக்கும் குழப்பம். கண் மருத்துவர் என்பவர் முதலில் மருத்துவப் பட்டம் வாங்கி, பிறகு கண்ணில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். அறுவைச் சிகிச்சை அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளந்து, கண்ணாடியும் காண்டாக்ட் லென்ஸும் பரிந்துரைத்து, நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புபவர். ஆப்டிஷியன் முதன்மையாகக் கண்ணாடியைத் தயாரித்துப் பொருத்துபவர். 1991-ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டப்படி ஆப்டோமெட்ரிஸ்டும் ஆப்டிஷியனும் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இந்த மூவரையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் நேர்முகத்துக்குப் போகக் கூடாது.

ஆனால் மனப்பாடம் செய்த பதில் தெரிந்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளை நான் முதலில் கேள்வி கேட்பதில்லை, ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். போன வருடம் ஒரு மாணவி உட்கார்ந்திருந்த அன்று செந்தூலிலிருந்து ஒரு பாட்டி வந்தார், பேரன் கூட்டி வந்தான். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, "பாட்டி, இது தெளிவா, இது தெளிவா? ஒன்னா, ரெண்டா?" என்று கேட்டேன். "ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். நாலு முறை மாற்றினேன், நாலு முறையும் அதே பதில். என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறார். சுவரில் இருக்கும் எழுத்துகள் ஆங்கிலம். பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். விரலால் திசை காட்டும் அட்டையை மாட்டி, கிட்டப் படிப்பதற்கு நான் தமிழில் எழுதி வைத்திருக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். "அகர முதல" என்று எழுத்துக் கூட்டித் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, "வலது கண்ணுல ஒரு கரும்புள்ளி மிதக்குதும்மா" என்றார். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) 15 வருடமாக இருக்கிறது, அது விழித்திரையைப் பாதிக்கக்கூடியது. விழித்திரையைப் பார்த்தேன், இரத்தக் கசிவுப் புள்ளிகள் இருந்தன. அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். கண்ணாடி விற்கவில்லை.

அந்த மாணவியிடம் பிறகு என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "நீங்கள் அட்டையை மாற்றியதும் பாட்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்" என்றாள். அவ்வளவுதான் நான் கேட்க நினைத்ததும். நேர்முகத்தில் "ஏன் ஆப்டோமெட்ரி?" என்று கேட்டபோது அவள் அந்தப் பாட்டியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள். 2019-இல் நாட்டளவில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அந்தக் கண்களைப் பார்த்துத் தமிழில் பேசக்கூடிய ஆட்கள் நமக்கு வேண்டும். உங்கள் மகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று முகம் தெரியாத நான் ஆசைப்படுவது அதனால்தான்.

வெளிநாடு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் நடக்கிறது, நல்ல பெயர் உண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவிலும் படிப்புகள் உள்ளன. எங்கே போனாலும் அந்தப் பட்டத்தை மலேசிய ஆப்டிகல் மன்றம் ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே மன்றத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் முகவர் சொன்னதை நம்பி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான். பதிவு செய்யப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டு வருடம் அலைந்தான், அவன் அம்மா நகையை அடகு வைத்திருந்தார். உள்நாட்டுத் தனியார் கல்லூரியாக இருந்தாலும் எம்கியூஏ (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குப் பெயர் இருந்தால் போதாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூயெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை ஒத்திப்போட வேண்டாம், ஆங்கிலத்தில் பேசும் பகுதியை இப்போதே பழகட்டும், அது நேர்முகத்துக்கும் உதவும். நிறப்பார்வையை ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில சுகாதாரப் படிப்புகள் அதை நிபந்தனையாக வைக்கின்றன. பெண்களுக்கு நிறக்குருடு மிக அரிது, ஆனால் விண்ணப்பித்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. புள்ளிப் படங்களைப் பார்த்து எண்ணைச் சொல்லும் சோதனைதான், ஐந்து நிமிட வேலை. யூபியூவில் 12 தேர்வுகள் வரை போடலாம், எல்லாவற்றிலும் ஆப்டோமெட்ரி போன்ற கடும் போட்டிப் படிப்புகளையே நிரப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

அவளுக்கு இடம் கிடைக்குமா என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அவள் மதிப்பெண்ணை நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் அந்த ஆண்டு எத்தனை பேர் என்ன புள்ளியோடு விண்ணப்பிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு வரும். எஸ்டிபிஎம்-மில் முழுப் புள்ளியான 4.00-க்குப் பக்கத்தில் வாங்கியும் கிடைக்காமல் போன பிள்ளையையும், அதற்குக் கீழே வாங்கி நேர்முகத்தில் தேறிய பிள்ளையையும் எனக்குத் தெரியும்.

அந்த 3,800 ரிங்கிட்டில் கொஞ்சத்தை இயற்பியல் டியூஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மட்டும். இந்த விடுமுறையில் பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ் டவுனிலோ பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரிடம் போய், அரை நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். சுவரில் அவர் தொழில் செய்வதற்கான சான்றிதழ் மாட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கோலாலம்பூர் பக்கம் வந்தால் சனிக்கிழமை காலையில் என் கடைக்கே கூட்டி வாருங்கள், அப்போதுதான் தாத்தா பாட்டிகள் அதிகம் வருவார்கள்.